மாப்பிள்ளைகள் மலிந்த வீடு

ரங்கூனில் லத்தா பேட்டையில் குடையும் டார்ச் லைட்டும் விற்கிற பர்கத்துல்லாவுக்கு அறுபது வயது. வீட்டுக்குத் தமிழ், கடைக்குப் பர்மியம், கௌரவத்துக்கு இங்கிலீஷ் என்று மூன்று பாஷையையும் பாகம் பிரித்து வைத்திருக்கிறார். அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் கொடுத்ததல்ல. சாமான் பொதிய எடைக்கு வாங்கி அவருடைய வாப்பா பரணில் போட்டிருந்த பழைய ரங்கூன் பத்திரிகைகள் கொடுத்தது. கலவரத்தால் கல்லூரி மூடிக்கிடந்த காலத்தில் மனிதர் பரணில் ஏறி உட்கார்ந்து அத்தனையையும் படித்தார். இறங்கி வந்தபோது, செத்து நூறு வருஷமான ஏதோ ஒரு துரை அவர் வாய்க்குள் குடியேறியிருந்தார்.

அந்தத் துரைக்கு ஒரு பழத்தின் மேல் தீராத ஆசை. எது நிறைய இருந்தாலும் 'ப்ளாக்பெர்ரி போல மலிந்து கிடக்கிறது' என்றுதான் அந்தப் பத்திரிகைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அதிகாரிகளின் சாக்குப்போக்கு, விருந்துக்கு வந்த சீமாட்டிகள், குதிரைப் பந்தயத்தில் தோற்றவர்கள், எல்லாமே ப்ளாக்பெர்ரிதான். பர்கத்துல்லா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுத்தால் தெருக்குழியும் ப்ளாக்பெர்ரி, கொசுவும் ப்ளாக்பெர்ரி. வாங்கிப் படித்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, குழி அப்படியேதான் இருக்கிறது.

பழத்தைக் கண்ணால் பார்த்தது போன வருஷம்தான். புதிதாகத் திறந்த ஒரு பெரிய கடையில், ஐஸ் பெட்டிக்குள், நகைக்கடைத் தோடு மாதிரி குட்டி டப்பாவில் உட்கார்ந்திருந்தது. விலைச்சீட்டைப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். இதையா மலிந்து கிடக்கும் என்றீர்கள் என்று மனைவி ரஹீமா கேட்டாள். சீமைக்காரர்கள் அவ்வளவு பணக்காரர்கள், இப்படிப்பட்ட பழமே அங்கே மலிந்து கிடக்கிறது என்று பர்கத்துல்லா விளக்கம் சொன்னார். எதற்கும் ஒரு விளக்கம் அவர் கைவசம் இருக்கும்.

விளக்கம் இல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரே மகள் ருமானாவுக்கு முப்பத்து மூன்று வயதாகியும் யாரும் பெண் கேட்டு வரவில்லை. பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற, கலகலவென்று பேசுகிற நல்ல பெண். ஊரில் கல்யாண வயதுப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள், அதற்கு அவள் என்ன செய்வாள்? ஆனால் பர்கத்துல்லா வெளியே அப்படிச் சொல்வாரா? வருகிற இடத்தையெல்லாம் தான்தான் தட்டிக்கழிப்பதாகப் பள்ளிவாசல் வாசலிலும் டீக்கடையிலும் அளந்துகொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் விமான நிலையத்துப் பக்கம் மிங்கலாடோனில் இருக்கிற ரஹீமாவின் ஒன்றுவிட்ட தங்கை வழியாக இங்கிலாந்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ஆமிர். உம்மா நூர் பீவி ரங்கூனில் பிறந்து, கல்யாணமாகிச் சீமைக்குப் போனவர். ஆமிரும் ருமானாவும் நாலு மாதமாகப் போனில் பேசி மனசு ஒத்துப்போயிருந்தார்கள். வந்த இந்த ஒரு இடம் தட்டிப்போனால் இனி எனக்கு மாப்பிள்ளையே பார்க்காதீர்கள் என்று ருமானா உம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட பர்கத்துல்லாவுக்கு இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை.

பெண் பார்க்க வந்த அன்று தட்டில் ஹல்வா, ஊறவைத்த தேயிலை லப்பெ, நடுநாயகமாக அந்தக் குட்டி டப்பா. சீமையிலிருந்து வருகிறவர்களுக்குச் சீமைப் பழம் என்பது அவர் கணக்கு. புது லோஞ்சியை இறுக்கிக் கட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷை எடுத்துவிட்டார். என் மகளுக்கு மாப்பிள்ளைகள் ப்ளாக்பெர்ரி போல மலிந்து வந்தார்கள், அவர்களுக்குள் உங்கள் மகனைப் பொறுக்கி எடுத்தோம் என்றார். சொல்லி முடித்து டப்பாவை வேறு மரியாதையாக அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நூர் பீவி அம்மாள் டப்பாவைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்து அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"காக்கா, அங்க இது ரோட்டோரம் முள்ளு வேலில தானா காய்ச்சுத் தொங்கும். போறவன் வர்றவனெல்லாம் பிச்சுத் தின்பான். எம்மவனும் அந்தக் கணக்குதானா?"

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ரஹீமா குறுக்கே வந்தாள். ஆனால் அந்த அம்மாள் விடுகிற ஆளாக இல்லை. அத்தனை பேர் வந்தும் ஏன் ஒன்றும் அமையவில்லை, பெண்ணிடம் ஏதாவது குறையா, எங்களிடம் மறைக்கிறீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திரைக்குப் பின்னால் ருமானா நிற்பது பர்கத்துல்லாவுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அவமானம். சொல்லாவிட்டால் இந்த இடம் எழுந்து போய்விடும். துரையைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஆபத்துக்கு உதவுகிற துரையா அவர்?

"ஒருத்தரும் வரலம்மா," என்றார் தமிழில். "நீங்கதான் மொத. எம்புள்ளையப் பாத்து யாரும் பாவம்னு சொல்லிரக் கூடாதுன்னு, நானா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

நூர் பீவி பக்கத்தில் இருந்த மகனின் தொப்பியைச் சட்டென்று எடுத்தார். உள்ளே ஒரு முடி கூட இல்லை.

"இவன எத்தன வூட்ல வேணாம்னாக தெரியுமா? இங்க எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் ரோசன பண்ணிட்டு வந்தேன். புள்ளையக் கூப்பிடுங்க."

ஆமிர் கூச்சத்தோடு சிரித்தான். பர்கத்துல்லா எழுந்து திரைக்குப் பின்னால் போனார். மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சபையில் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று முணுமுணுத்தார்.

ருமானா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"யாரும் வராததுல எனக்கு என்ன வெக்கம் வாப்பா? அத நீங்க ஊருக்கெல்லாம் மறச்சப்பதான், நான் மறைக்க வேண்டிய புள்ளையான்னு இருந்துச்சு."

பர்கத்துல்லா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ருமானா அவர் முதுகை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, டீத்தட்டை எடுத்துக்கொண்டு, திரையைத் தானே விலக்கி வெளியே போனாள்.