எத்தாளையில் பிரிக்காத யூரியா மூடைகள்

என் தங்கையின் கணவர் சுதன், கொழும்பு வேலையை விட்டுவிட்டு எத்தாளையில் ஒரு ஏக்கர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கப்போகிறேன் என்று சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. "மானிய உரம் வருகுது அக்கா, விளைச்சல் இரண்டு மடங்காம்" என்றார். யார் சொன்னது? தரகர். தரகர் வேறு என்னதான் சொல்லுவார்? ஒருவருக்கும் சொல்லாமல் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நானே பார்க்கக் கிளம்பினேன். அந்தப் பக்கம் காணி தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் காலை 5.10க்கு பஸ், 9.20க்குப் புத்தளம். 560 ரூபாய். பாண் கடையில் சாப்பிடக் கால் மணித்தியாலம். அடுத்தது கற்பிட்டி பஸ், எத்தாளைக்கு 170 ரூபாய். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இறங்கியதும் ஆட்டோ, 2.4 கிலோமீட்டருக்கு 300 ரூபாய். நான் 250 என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை.

"காணி பாக்கவா மிஸ்?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஓம்."

"வெங்காயக் காணியா?"

"ஓம்."

அதோடு கதையை நிறுத்திக்கொண்டார். ஆட்டோக்காரர் ஒருவர் கதைக்காமல் வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிற ஆள் நான்.

குத்தகைக் காணிக்குப் பக்கத்துத் தோட்டம் நஸீர் நானாவுடையது. அறுபது வயதிருக்கும். மணல் தரையில் வெங்காயம் பச்சையாக நின்றது, தண்ணீர் தூவும் குழாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்துக் காணியைத் தங்கையின் கணவர் எடுக்கப்போகிறார் என்றதும் வீட்டுக்கு வரச் சொன்னார். அவருடைய மனைவி பரீதா ராத்தா ஒரு சோடாப் போத்தலை உடைத்துக் கையில் தந்தார். வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு பிளேன்டீ இல்லையா? நெருப்பு மூட்ட மனமில்லாத வீடு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கொட்டிலில் யூரியா மூடைகள் அடுக்கியிருந்தன. எண்ணினேன், ஏழு. ஒன்றிலும் தையல் பிரிக்கவில்லை. விஷயம் விளங்கிவிட்டது என்றே நினைத்தேன்: மானிய விலைக்கு எடுத்து, வெளி விலைக்குத் தள்ளுகிற ஆள்.

"இதுகளை எப்ப விக்கப் போறீங்க நானா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "விக்கிறதா? ஒண்டும் விக்கல்ல. போடாம வெச்சிருக்கேன்."

"எடுத்துவிட்டுப் போடாமல் இருப்பார்களா?"

"இது மணல், தங்கச்சி. இண்டைக்குப் போட்ட யூரியா தண்ணியோட கிணத்துக்கு இறங்குது. அந்தத் தண்ணியத்தான் திரும்பவும் பயிருக்கு அடிக்கிறோம். மலிவாக் கிடைச்சா கை நிக்காது, நானும் ஒண்டுக்கு மூண்டு போட்டவன்தான். முதல் ரெண்டு வருஷம் விளைச்சல் ஏறிச்சு. புறகு உரம்தான் ஏறிச்சு, வெங்காயம் ஏறல்ல. போன போகம் நாலு பாத்திக்கு வெறும் கிணத்துத் தண்ணி மட்டும் விட்டுப் பாத்தேன். மத்ததுக்குக் குறையாம வந்திச்சு."

"பிறகு ஏன் எடுக்கிறீங்கள்?"

"எடுக்காட்டி மானியப் பட்டியல்ல பேர வெட்டிருவாங்க எண்டு ஊருல கதை. உண்மையோ பொய்யோ, ஆரு போய்க் கேக்கிற?"

நான் நம்பவில்லை. காட்டுங்கள் என்றேன். இந்தப் போகமும் ஆறு பாத்திகளுக்கு உரம் போடாமல், தென்னம் மட்டை நட்டு அடையாளம் வைத்திருந்தார். குனிந்து தாளைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வித்தியாசம் பிடிபடவில்லை. மட்டையை நேற்றுத்தான் நட்டாரோ என்றும் ஒரு எண்ணம் ஓடியது, மறைப்பானேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது உள்ளே குழந்தை அழுதது. மகளுடைய பிள்ளை, நான்கு மாதம், பால்மாவில் வளர்கிறது. கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்கவே கூடாது என்று மருத்துவமாது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"தண்ணியில இறங்கின உரம் கொதிக்க வெச்சாலும் போகாதாம்" என்றார் பரீதா ராத்தா. "குடிதண்ணி லொறி ரெண்டு நாளா வரல்ல. இருக்கிறது பிள்ளைக்கு மட்டும்தான். உங்களுக்குத் தேத்தண்ணி தர மனசு இல்லாம இல்ல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கையில் சோடாப் போத்தல் பாதியில் இருந்தது.

நஸீர் நானா வேலிப் பக்கம் கையைக் காட்டினார். சுதன் எடுக்கப்போகிற காணி அங்கேதான் தொடங்குகிறது. இவர்கள் கிணற்றிலிருந்து இருபது அடிவைப்பு. "உங்கட ஆள் வந்தா எத்தின மூடை போடுவார்?"

நான் அவரைச் சந்தேகிக்க வந்தேன். அவரோ, நான் வாசலில் நின்ற நேரத்திலிருந்து என்னைச் சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறார். சுதனையே கேட்கலாம் என்று கைத்தொலைபேசியில் அழைத்து, சத்தத்தை வெளியே கேட்க வைத்தேன். எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன்.

"அக்கா, அங்கேயா? மானியத்துக்கு எத்தனை மூடை கிடைக்குமாம், கேட்டீங்களா?"

நஸீர் நானா தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: தரகரோடு போகாதீர்கள், பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேளுங்கள். விளைச்சல் எவ்வளவு என்பதோடு, உரம் போடாத பாத்தி எப்படி வந்தது என்றும் கேளுங்கள். அந்த வீட்டார் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். திரும்பும் பஸ் எனக்கு 2.30க்குக் கிடைத்தது. சுதன் இன்னும் முடிவு சொல்லவில்லை. இதை அவருக்கும் அனுப்பப்போகிறேன்.

குடிதண்ணீர் கட்டாயம் கொண்டு போங்கள், கூடுதலாகவே. என் பையில் பிரிக்காத ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று இருந்தது, புறப்படும்போது பரீதா ராத்தாவிடம் நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, மூடியின் வளையம் உடைந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகுதான் பால்மா ரின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் தடவிப் பார்த்திருப்பேன்.