வெற்று அட்டைக்குத் திறந்த கதவு

ஆபீசில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், மேனேஜருக்குக்கூட. மருத்துவமனைக் கதவுப் பூட்டுகளுக்கு சி என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதும் கம்பெனி அது. அட்டையில் பதிந்த குறியீடு குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல, ஆறு வருஷம் முன்பு அவர் ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதினார்; யார் வேண்டுமானாலும் தங்கள் புரோகிராமில் எடுத்துப் போட்டுக்கொள்ளும் துண்டு அது. சி-யில் வரிசையாக எழுத்துகள் கோத்த சரத்துக்குத் தன் நீளம் தெரியாது. நாம்தான் எண்ண வேண்டும். எல்லை தாண்டிப் படித்துவிடக் கூடாதென்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினார். ஃபங்ஷனுக்குச் சாதாரணமாக ஒரு பேர் போதுமே என்றார்கள் மற்றவர்கள். மனுஷன் விடவில்லை. பேருக்கு முன்னால் ‘சேஃப்’ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தார்.

போன வாரம், எதுவுமே பதியாத அட்டைக்கு ஒரு மருந்து அறை திறந்துகொண்டது. அண்ணனின் ஃபங்ஷனை எடுத்துப் போட்டு அந்தக் கதவுக்குப் புரோகிராம் எழுதியவள் பயிற்சியில் இருந்த பெண். மாசக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும்.

"காலி அட்டை வந்தா என்ன ஆகும்னு பாத்தியாம்மா?" என்றார் மேனேஜர், மீட்டிங்கில்.

"இல்ல சார். பேர்லயே சேஃப்னு இருந்துச்சு, நம்பிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். மீட்டிங் முடிந்ததும் தன் பழைய ஃபங்ஷனைத் திறந்து பார்த்தார். தேட வேண்டிய எழுத்துகளின் நீளத்துக்கு ஒப்பிடாமல், அட்டையிலிருந்து வந்ததன் நீளத்துக்கு ஒப்பிட்டிருந்தார். காலி அட்டையின் நீளம் பூஜ்யம். ஒப்பிட ஒன்றுமில்லாததால் அது சரி என்று சொல்லிவிட்டது. அன்று சாயங்காலமே சத்தமில்லாமல் அந்த வரியைத் திருத்தினார்.

அவளுடைய நிரந்தரத்தை ஆறு மாசம் தள்ளிவைத்தார்கள். முகம் கழுவிக்கொண்டு அவள் திரும்பி வந்ததை அண்ணன் பார்த்தார். மகள் வயசு. வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் திருடன் மாதிரி நடமாடிவிட்டு, மூன்றாம் நாள் மேனேஜர் அறைக்குப் போனார்.

"தப்பு என்னோடது. அந்தப் பொண்ண விட்டுடுங்க."

மேனேஜர் எழுந்து வந்து தோளைத் தட்டினார். "உங்களுக்குப் பெரிய மனசுண்ணா. சரி, உங்க முகத்துக்காக நிரந்தரம் பண்ணிடறேன்."

"இல்ல, நிஜமாவே..."

போன் அடித்தது. மேனேஜர் பேசி முடிக்கும்வரை நின்று சொல்லியிருக்கலாம். அண்ணன் நிற்கவில்லை.

மத்தியானம் அவள் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்களாமே அண்ணா."

இல்லம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சுற்றியிருந்த மேசைகளிலிருந்து எல்லோரும் அவரையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே கவனமா இரும்மா" என்றார்.