அம்மாவின் உப்பளச் சட்டை

வீட்டுக்குள் திருடன் புகுந்தால் எப்படிச் சுடுவது என்பதுதான் போட்டி. பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நடந்தது. காற்றுத் துப்பாக்கி, அட்டைத் திருடர்கள். திருட எதுவும் இல்லாத வீட்டிலிருந்து போனவள் நான் ஒருத்தியே. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போய், அங்கே என்.சி.சி.யில் சுடப் பழகியவளும் நான் என்பதால், தோற்றுவிட்டு வரும் எண்ணம் இல்லை.

இடுப்புத் துப்பாக்கியை மேல்துணி மறைத்திருக்க வேண்டும். விசில் கேட்டதும் துணியை ஒதுக்கி, உருவிச் சுட வேண்டும். சென்னைக்காரர்கள் பத்துப் பாக்கெட் வைத்த வெளிநாட்டுக் கோட்டில் வந்திருந்தார்கள். நான் போட்டிருந்தது, மரக்காணம் உப்பளத்தில் அம்மா புடவைமேல் போடும் முழுக்கைச் சட்டை.

நடுவர் நிறுத்தினார். "என்னம்மா இது, அப்பா சட்டையா?"

"அம்மா சட்டைங்க."

"இத்த போட்டுக்கினு சுட முடியாதும்மா."

"ரூல்ல அப்படி இருக்குதுங்களா?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினார். துப்பாக்கியை மறைக்க வேண்டும் என்று இருந்தது. துணியின் விலையைப் பற்றி எதுவும் இல்லை. அரைமனதாக விட்டார்.

எனக்கு முன் சுட்டவர்களின் கோட்டுகள் கடற்காற்றில் துப்பாக்கியோடு சுற்றிக்கொண்டன. உப்பேறி, வெயிலில் காய்ந்து அப்பளம்போல் விறைத்த என் சட்டை, கையால் ஒருமுறை தட்டியதும் விலகி அப்படியே நின்றது. ஆறு திருடர்களுக்கும் நெஞ்சில் ஓட்டை. முதலிடம் எனக்கு.

இரண்டாமிடக்காரர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "செம மெட்டீரியல் சிஸ்டர். எங்க வாங்கினீங்க?"

"வாங்க முடியாதுங்க சார். ரெண்டு சீசன் உப்பு வாரினா தானா வரும்."

அவர் செல்பேசியை எடுத்தார். "ஆன்லைன்ல கிடைக்காதா?"