ஒற்றைக் கட்டைத் தலையும் இரட்டைக் கட்டை உடம்பும்

முனீஸ்வரனும் சென்னியப்பனும் மனம்விட்டுப் பேசத் தொடங்கியது ஒரு டார்ச் லைட் புகைந்துபோன பிறகுதான். அதுவரைக்கும் இருவருக்கும் பேச ஒன்றுமே இல்லை.

முனீஸ்வரன் சூரியநெல்லியில் தேயிலை பேக்டரி பாய்லரில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் பக்கம் யானை இறங்காமல் பார்த்துக்கொள்ளும் வாச்சர் வேலைக்குப் போனார். அவர் மகள் யோகப்பிரியா தமிழ் படிக்கிறேன் என்று சித்தூர் அரசுக் கல்லூரிக்குப் போய், கூடப் படித்த கௌசிக்கைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள். கௌசிக்கின் அப்பா சென்னியப்பன், சித்தூருக்குக் கிழக்கே நெல்லும் தென்னையுமாக நிலம் வைத்திருந்தவர். இரண்டு வீட்டிலும் அரைமனதாகத்தான் தலையாட்டினார்கள். கல்யாண மேடையில் இரண்டு அப்பாக்களும் வேறு வேறு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். போட்டோவில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

விருந்துக்காக முனீஸ்வரனும் மனைவி வேலுத்தாயும் சித்தூர் போயிருந்த மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. சென்னியப்பன் ஒரு நீளமான டார்ச்சை எடுத்து வந்து உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தார். எரியவில்லை.

"தலைதான் போயிருக்கும் சம்பந்தி. இங்க குடுங்க, எந்தலையப் போட்டுப் பாப்போம்" என்றார் முனீஸ்வரன். யானைக்குப் பழகிய கை; டார்ச் இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை. தன்னுடைய குட்டை டார்ச்சின் தலையைக் கழற்றி, சம்பந்தியின் டார்ச் உடம்பில் வைத்துத் திருகினார். மரை அச்சாகப் பிடித்தது. பட்டனை அமுக்கியதும் கூடமே வெள்ளையாகப் பளிச்சிட்டது. அடுத்த நொடி 'டப்' என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய வாடை, மறுபடியும் இருட்டு.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி. ஒங்களுக்கும் வெளக்கு இல்ல, இப்ப எனக்கும் இல்ல."

பிறகு இருட்டுக்குள்ளிருந்து சென்னியப்பனின் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க மீறி வருகிற சிரிப்பு. "அப்ப இனி ரெண்டு ஊடும் சமமுங்க!" என்றார். சமையல்கட்டில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சென்னியப்பனுடைய டார்ச்சில் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரிக் கட்டை இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இருந்தது. கட்டைக்கு நாலு வோல்ட் என்று வைத்தால் மொத்தம் எட்டு. முனீஸ்வரன் போட்ட தலையோ ஒற்றைக் கட்டைக்குச் செய்தது. நாலு தாங்குகிற தலைக்கு எட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? மரை சேர்ந்துவிட்டால் எல்லாம் சேர்ந்துவிடும் என்று நினைத்ததுதான் தப்பு.

அன்று தொடங்கியது அந்தப் பைத்தியம். மூணாறு பஜாரில் புதுத் தலை ஏதாவது கண்ணில் பட்டால் முனீஸ்வரன் வாங்கி வைப்பார். கோயம்புத்தூர் போனால் சென்னியப்பன் வெறும் உடம்புகளாகப் பொறுக்கி வருவார். மகளைப் பார்க்கப் போகும்போதும் பேரன் காதுகுத்துக்கும் பையில் பலகாரத்தோடு இவையும் போய் வந்தன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

"சம்பந்தி, இதுல மூணுலருந்து ஒம்போது வோல்ட்டுன்னு போட்டிருக்குதுங்க. எதுல மாட்டறது?"

"அது நல்ல சாதித் தலை. ஒத்தக் கட்டைக்கும் எரியும், ரெட்டக் கட்டைக்கும் எரியும். பத்திரமா வைங்க."

ஒருமுறை சென்னியப்பன் ஒரு பொய்க்கட்டை செய்து காட்டினார். வைரம் பாய்ந்த தென்னைமரத் துண்டை பேட்டரி அளவுக்குச் செதுக்கி, நடுவில் துளை போட்டு, செம்புக் கம்பி ஓட்டி, இரண்டு முனையிலும் கம்பியைச் சுருட்டி வைத்திருந்தார். இரண்டு கட்டை உடம்பில் நிஜக் கட்டை ஒன்றும் இதில் ஒன்றும் போட்டால் இடம் நிரம்பும், வோல்ட் ஏறாது. ஒற்றைக் கட்டைத் தலையைப் பயமில்லாமல் மாட்டலாம். முனீஸ்வரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது. கூடவே, இந்த மனுஷன் தனக்குச் சம்பந்தியாக வாய்த்தாரே என்று ஒரு பெருமை.

பதிலுக்கு ஒன்று செய்யவேண்டும் என்று, அடுத்த தடவை மூணாறில் இருந்ததிலேயே பெரிய தலையாக வாங்கி அனுப்பினார். இரட்டைக் கட்டைத் தலை. அவரும் அதே மாதிரி ஒன்று வைத்திருந்தார். தேயிலைச் சரிவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற யானையின் காது அசைவதுகூடத் தெரியும்.

"எப்பிடி அடிக்குது சம்பந்தி?" என்று போனில் கேட்பார்.

"அதையேங்க கேக்கறீங்க! இங்க அடிச்சா வாளையாறுக்குப் போகுதுங்க."

போன மழைக்காலத்தில் சென்னியப்பன் இறந்துபோனார். மாரடைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் முனீஸ்வரன் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தார். ஒன்றிரண்டு மாதம் போனதும் சித்தூரிலிருந்து சென்னியப்பனின் மனைவி மருதாத்தாள் கூப்பிட்டார்.

"அண்ணா, அவரு வெச்சுட்டுப் போன தலையும் உடம்பும் ஒரு கூடை கெடக்குதுங்க. கௌசிக் தூக்கிப் போடலாங்கறான். நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லோணும்."

போனார். மருதாத்தாள் கூடையைக் கொட்டினார். எது எதற்கு என்று தெரியாமல் எல்லாம் கலந்து கிடந்தது. முனீஸ்வரன் ஒவ்வொரு தலையாக எடுத்து, முதலில் ஒற்றைக் கட்டையில் எரியவைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தவை ஒரு பக்கம், மங்கலாக எரிந்தவை இன்னொரு பக்கம். மங்கியவைதான் இரட்டைக் கட்டை கேட்பவை என்று மருதாத்தாளுக்குச் சொல்லிக்கொண்டே பிரித்தார்.

கூடைக்குள் வராமல் கதவோர ஆணியில் ஒரு டார்ச் தொங்கியது. அதன் தலையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அவர் அனுப்பியது. எடுத்து அமுக்கினார். பீடி நெருப்பு மாதிரி ஒரு வெளிச்சம். பின்மூடியைக் கழற்றிச் சாய்த்தார். ஒரு கட்டை விழுந்தது. பின்னாலேயே பொய்க்கட்டை விழுந்தது.

"இதுல எதுக்குத் தங்கச்சி இதப் போட்டிருக்காரு?"

மருதாத்தாள் தயங்கினார். "அவரு ராத்திரி வயலுக்குத் தண்ணி திருப்பப் போறதுக்கு அதுதானுங்க எடுப்பாரு. ரெண்டு கட்டையும் போட்டா வாய்க்காத் தண்ணியில பட்டுக் கண்ணக் கூசுதாமா. மடை எங்க ஒடைஞ்சிருக்குன்னே தெரியமாட்டேங்குதுன்னாரு. உங்ககிட்டச் சொன்னா மனசு சங்கடப்படுமுன்னு சொல்லலீங்க."

"வாளையாறு வரைக்கும் போகுதுன்னாரே!"

"எங்கீங்க! காலடிக்கு மட்டுந்தான் வரும்."

முனீஸ்வரன் சிரித்தார். சிரித்துக்கொண்டே வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தார். யானைக்குத் தூரம் வேண்டும், வாய்க்காலுக்குக் காலடி போதும். இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூட அதை யோசித்ததில்லை. ஆனாலும் அந்த மனுஷன் தலையை மாற்றவில்லை. இதையே தினமும் கையில் எடுத்துப் போயிருக்கிறார்.

"அப்ப இதை இப்பிடியே விட்டுர்றேன்" என்றார்.

"வேண்டாங்கண்ணா. இப்ப தண்ணிக்கு நாந்தான் போறேன். எனக்குப் பாம்புன்னா ஆகாது. நல்லா அடிக்கிற மாதிரிப் போட்டுக் குடுங்க."

முனீஸ்வரன் ஒரு கணம் பொய்க்கட்டையைப் பிடித்தபடி இருந்தார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, நல்ல கட்டை இரண்டைத் தேடிப் போட்டார். பகல் வெயிலிலும் எதிர்ச்சுவரில் வட்டம் விழுந்தது. "ஆத்தாடி!" என்றார் மருதாத்தாள்.

அவர் ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் போன் அடித்தது.

"அண்ணா, கடையில ஒரு லைட்டு பாத்தேனுங்க, வாசல்லருந்துதான் பேசறேன். கட்டை ரெண்டும் ஒண்ணு பின்னால ஒண்ணு இல்லீங்க, பக்கம் பக்கமா வெச்சிருக்குது. அது எட்டுங்களா, நாலுங்களா?"

"பிளஸ்சும் பிளஸ்சும் ஒரே பக்கமா இருக்கா, மாறி மாறி இருக்கா? ஒரே பக்கமா இருந்தா நாலு, மாறி இருந்தா எட்டு."

"அதப் பாக்கலீங்களே."

"பாத்துட்டு வந்து சொல்லுங்க தங்கச்சி, நான் போனை வைக்கல" என்றார் முனீஸ்வரன். வேலுத்தாய் கொண்டுவந்த பால் ஊற்றாத கட்டஞ்சாயாவை வாங்கிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் படியில் உட்கார்ந்தார்.