பின்மண்டையில் மூன்று விளக்குகள்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் என் தங்கையின் பின்மண்டையைத் தொட்டுப் பார்த்த யாரும் இதுவரை என்னிடம் "கதை விடாதே" என்று சொன்னதில்லை.

நடந்தது பட்டப்பகலில். பேய் வர இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் உளவியல் ஆய்வுக்கூடத்தின் பதிவறையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜன்னல் கிடையாது. வெளியே உள்ள மின் இரைச்சல் நுழையாமல் சுவருக்குள் செம்புத் தகடு. கனமான கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கேமரா, ஒரு மைக். ஆளை அங்கே உட்காரவைத்து மூளை அலைகளைப் பதிவு செய்வது என் வேலை.

வேலை என்றால் முக்கால்வாசி முடி ஒதுக்குவதுதான். தலையில் இறுக்கமான துணித் தொப்பி, அதில் முப்பத்திரண்டு மின்முனைகள். ஒவ்வொன்றின் ஓட்டையிலும் மொண்ணை ஊசியை விட்டு, முடியை விலக்கி, தோலை லேசாகச் சுரண்டி, ஜெல் வைக்க வேண்டும். தோலோடு சரியாக ஒட்டினால் கணினியில் அந்த முனையின் சிவப்பு விளக்கு பச்சையாகும். ஒட்டாவிட்டால் கோடு கன்னாபின்னாவென்று கிறுக்கும். மேசையில் சும்மா கிடக்கும் தொப்பியும் கிறுக்கத்தான் செய்யும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எங்கள் பேராசிரியருக்கு நான் வைத்த பெயர் இஸ்திரி. சட்டையிலும் சுருக்கம் இருக்காது, முகத்திலும் இருக்காது. கணினிக்கு மேலே முப்பத்திரண்டு நேர்கோடுகள் அச்சிட்ட ஒரு தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம், "ஆளில்லாத ரூம் எவ்ளோ அமைதி பாருங்க, ஒரு துளி இரைச்சல் இல்ல" என்பார். நானும் வாயைப் பிளந்து பார்த்தவள்தான்.

அன்று வரவேண்டிய ஆள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். இஸ்திரி என்மேல் எரிந்து விழுந்தார். வேறு வழியில்லாமல் தங்கையைக் கூப்பிட்டேன். எனக்காகக் கல்லூரியிலிருந்து ஓடி வந்தாள்.

"நேத்துதான் தலைக்குக் குளிச்சேன். இந்தக் கொழகொழப்பை யாருக்கா கழுவுறது?"

"நானே கழுவி விடுறேன். ஆடாம உக்காரு."

பின்மண்டையில் மூன்று முனைகள் மட்டும் மிச்சம். ஜெல் தீர்ந்துவிட்டது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்து இழுப்பறையைத் துழாவினேன். தற்செயலாகக் கணினியைப் பார்த்தேன். பின்மண்டையில் ஒரு சிவப்பு பச்சையானது.

பிறகு அடுத்தது.

பிறகு மூன்றாவது...

உள்ளே ஓடினேன். தங்கை முகத்தைச் சுளித்தாள்.

"இப்ப சுரண்டினது வலிச்சுதுக்கா. உன் கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

ஊசி தட்டில்தான் கிடந்தது. ஆனால் நான் வைத்த மூலையில் இல்லை. முனையில் ஜெல் ஈரம்.

தொப்பியைக் கழற்றக் கை வைத்தேன். வாசலில் இஸ்திரி.

"எல்லாம் பச்சைதானே? ஆரம்பி."

"சார், அவளுக்கு..."

"ஆரம்பின்னு சொன்னேன்."

என்னை வெளியே வரச்சொல்லி, கதவை அவரே சாத்தினார். டக். தாழ்ப்பாள்.

முதலில் கண்ணை மூடி உட்கார வேண்டும். மூடியதும் பின்மண்டைக் கோடுகளில் சீரான அலை எழும். மைக்கில் சொன்னேன். தங்கை மூடினாள். அலை அழகாக வந்தது.

மணி 3:11. பின்மண்டையில் ஒரு கோடு படுத்துவிட்டது. நேர்கோடு.

பிறகு இரண்டு. மூன்று.

பின்னாலிருந்து முன்னால்... ஒவ்வொன்றாக.

"அக்கா..." குரல் இழுத்தது.

"என்னடி?"

"நீ உள்ளதான இருக்க?"

"இல்ல, வெளியே."

"அப்ப என் தலையைப் பிடிச்சிருக்கிறது யாரு?"

கேமராவில் அவள் மட்டும்தான். ஆனால் தொப்பியின் துணி இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கியிருந்தது. பக்கத்துக்கு ஐந்து குழி.

"சார், நிறுத்துங்க!"

"தொப்பி கழண்டிருக்கும். விடு."

கழன்றால் விளக்கு சிவக்கும். கோடு கிறுக்கும். முப்பத்திரண்டும் பச்சை.

இஸ்திரி திரையைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல் ஆகிக்கொண்டிருந்தன. அவர் நெற்றியில் முதல்முறையாகச் சுருக்கம் பார்த்தேன்.

ஓடிப்போய்க் கதவை முதுகால் அடைத்துக்கொண்டார்.

"திறக்காத. அவ வெளிய வந்துடுவா."

"எவ சார்?"

மைக்கில் மூச்சுச் சத்தம் நின்றது.

அவர் கையைக் கடித்தேன். ரத்தம் வரும்வரை.

திறந்தேன்.

உதடு நீலம். உடம்பு ஐஸ்.

தொப்பியைப் பிய்த்தேன். முடியோடு வந்தது. "ஹக்..." என்று ஒரு மூச்சு வாங்கினாள்.

தங்கை பிழைத்துவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்க வந்த அலுவலகக் கிளார்க் அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னார். எனக்கு முன்னால் இந்த வேலையில் ஒரு பெண் இருந்தாளாம். புத்தாண்டு விடுமுறையன்று ஆள் கிடைக்காமல், இஸ்திரி அவளையே நாற்காலியில் உட்காரவைத்தாராம். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பதிவு ஓடட்டும் என்று விருந்துக்குப் போய்விட்டாராம். மறுநாள் காலையில்தான் திறந்தாராம். நாற்காலியிலேயே உயிர் போயிருந்ததாம். இதயக் கோளாறு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

என் பையை எடுக்க ஒரேயொரு முறை அங்கே போனேன். சட்டத்துக்குள் இருந்த தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி இருந்தது. ஜனவரி இரண்டு, விடியற்காலை.

ஆளில்லாத அறை அந்தக் கோட்டைப் போடாது. வெறும் தொப்பி கிறுக்கும். நேர்கோடு வேண்டுமென்றால் ஜெல் வைத்த ஒரு தலை வேண்டும். நாங்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்த்தது அவளைத்தான். அந்தப் பாவி இன்னும் அந்தச் சட்டத்தைக் கழற்றவில்லை.

தங்கையின் பின்மண்டையில் மூன்று இடங்களில் முடி முளைக்கவில்லை. தினமும் காலையில் அங்கே கொழகொழவென்று ஈரம் இருக்கும். துடைத்துவிடுவேன்.

நேற்று துடைக்கும்போது நான்காவது இடத்தைப் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. தொப்பியில் மொத்தம் முப்பத்திரண்டு.