சுகந்தி அக்கா குளக்கட்டுக்குப் போனது ஏன்

கைபேசியில் சுகந்தி அக்காவின் எண் ஒளிர்ந்தாலே நான் கணினியைத் தேடுவேன். எங்கள் தளத்தின் சேர்வர் இயங்காமல் படுத்துவிட்டால் மட்டுமே அவர் விடியக்காலையில் அழைப்பார். அன்றும் அழைப்பை எடுக்குமுன் கணினியைத் திறந்துவிட்டேன். பேசியது அவருடைய கணவர். "தம்பி, அவா எங்களை விட்டிட்டுப் போட்டா. நெஞ்சு நோகுது எண்டவா, அவ்வளவுதான்." திரையில் சேர்வர்கள் பழுதில்லாமல் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன.

அக்காவை அறிந்தவர்களுக்கு எங்கள் வேலையைச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைப்பேறு பார்க்கும் ஊர் மருத்துவமாதுகள் அம்புலன்ஸ் கேட்டு அனுப்பும் செய்திகளைக் கொண்டுசேர்க்கும் தளத்தை, கிளிநொச்சியில் ஒரு சின்ன அறையில் இருந்து நாங்கள் இருவரும் நடத்தினோம். வரும் செய்திகளை லோட் பலன்சர் என்ற மென்பொருள் இரண்டு சேர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். எவ்வளவு நேரம் பொறுத்து இணைப்பைத் துண்டிப்பது என்ற டைம்அவுட் எண்கள் அக்காவின் பொறுப்பு.

ஒருமுறை ஒரு சேர்வர் உறைந்து நின்றது. செய்திகள் அதன் வாசலில் காத்துக் கிடந்து தளமே முடங்கியது. பயந்துபோன அக்கா எல்லா டைம்அவுட் நேரங்களையும் ஒரேயடியாகக் குறைத்தார். அலுவலகத்திலிருந்து பார்த்தால் செய்திகள் வேகமாகப் பறந்தன. மறுநாள் தர்மபுரத்து மருத்துவமாது ஸ்கூட்டியில் நேரே வந்து இறங்கினார்.

"பிள்ளை, குளக்கட்டிலை ஏறி நிண்டாத்தான் எங்களுக்குச் சிக்னல். நான் அனுப்பி முடிக்க முந்தி உங்கட மெஷின் கட் பண்ணுது. கடைசியிலை அம்புலன்ஸ் வராமல், வலி வந்த தாயை ட்ரக்டர் பெட்டியிலை ஏத்தினனாங்கள்."

தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்று கேட்ட பிறகே அக்கா கணினிக்குத் திரும்பினார்.

அன்றே எண்களைப் பிரித்தார். சேர்வர் பதில் தருவதற்குக் குறுகிய நேரம். ஆள் செய்தியை அனுப்பி முடிப்பதற்கு நீண்ட நேரம். "எடுக்காத சேர்வரை உடனை விட்டிட்டு மற்றதுக்குப் போகோணும். கதைக்கிற சனத்துக்குப் பொறுக்கோணும்" என்பார். அதன்பின் எந்த எண்ணைத் தொட்டாலும் பஸ் பிடித்துத் தர்மபுரம் போய், குளக்கட்டில் நின்று, தன் பழைய போனில் சோதனைச் செய்தி அனுப்பிப் பார்ப்பார். "அக்கா குளிக்கப் போறா" என்று சீண்டுவேன். "பயமில்லாதவை இதிலை கை வைக்கக்கூடாது" என்றபடி செருப்பை மாட்டுவார்.

அக்காவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த வாரம் புதுச் சேர்வர் ஒன்று வந்தது. எண்களை நான்தான் மாற்றவேண்டியிருந்தது. ஒரு சைபர் தவறினாலும் எங்கோ ஒரு தாய் வலியில் துடித்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில் ஒவ்வோர் எண்ணையும் மூன்றுமுறை சரிபார்த்தேன். மாற்றிவிட்டுத் தர்மபுரம் போனேன். குளக்கட்டில் ஏறிச் சோதனைச் செய்தியை அனுப்ப அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகுதான் செய்தி கிடைத்ததாகப் பதில் வந்தது.

வேலை முடிந்தால் அக்காவுக்குச் சொல்லும் பழக்கத்தில் அவருடைய எண்ணையே அழைத்துவிட்டேன். கணவர் எடுத்தார்.

"எங்கை தம்பி நிக்கிறீர்?"

"தர்மபுரத்துக் குளக்கட்டிலை, அண்ணை. செய்தி போய்ச் சேர்ந்திட்டுது."

"அவா எப்பவும் ரெண்டாந்தரமும் அமத்திப் பாப்பா."

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பயம்தான். அதை விடமாட்டேன். போனை வைத்துவிட்டு, இரண்டாந்தரமும் அழுத்தினேன்.