கோபம்ஹேகன் வழியாகத் தரங்கம்பாடி

ஐரோப்பிய ஊரைப் பார்க்க விசா வேண்டாம், மன்னார்குடியிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் போனால் போதும் என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பள்ளிப் புத்தகத்தில் படித்த நாள் முதல் அவளுக்கு அதைப் பார்க்க ஆசை. அப்பா சிங்கப்பூரில் இருப்பதால் வயல் முழுக்க அம்மா தலையில். சம்பா நடவு முடிந்து, களையெடுப்பு தொடங்குவதற்குள் கிடைத்த ஒரு சனிக்கிழமையில் கிளம்பினோம். செய்த தப்பு, சித்தப்பாவின் காரில் ஏறியது.

ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் போய் வந்தவர் சித்தப்பா. அந்த ஊர்ப் பெருமையைக் கேட்டுக் கேட்டு, திருவாரூர் தாண்டுவதற்குள் அது எனக்குக் கோபம்ஹேகன் ஆகிவிட்டது. காரைக்கால் பழைய பிரெஞ்சு ஊராச்சே, "பிரான்ஸைத் தாண்டி டென்மார்க் போறோம்" என்றேன். அம்மா மட்டும் சிரித்தாள்.

ஏழரைக்குக் கிளம்பி, பத்து மணிக்குத் தரங்கம்பாடியின் வெள்ளையடித்த நகர வாசலில் இறங்கினோம். உள்ளே நேரான ராஜ வீதி, பழைய தேவாலயங்கள், தூண் வைத்த வீடுகள், கோடியில் கோட்டை, அதற்கப்பால் கடல். சில நிமிட நடைதான். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்று சித்தப்பா வீடியோ எடுத்தார்.

"அங்க இதையெல்லாம் எப்படி வச்சிருக்கான் தெரியுமா? இது தரங்கம்பாடி இல்லடா, தரம் கம்மி பாடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்த்தையை உடைப்பது என் ஏரியா. அதிலும் கைவைக்கிறார்!

கோட்டை வாசலில் சீட்டு வாங்கும்போது அம்மாவின் போன் அடித்தது. பக்கத்து வயல் செல்வம் மாமா.

"அக்கா, நாளைக்குத்தான் நம்ம முறைன்னாங்க, இன்னிக்கே வாய்க்கால்ல தண்ணிய விட்டுட்டாங்க. சாயங்காலம் அடைச்சிருவாங்க. எனக்கு இங்க வரப்பு உடைஞ்சு கெடக்கு, நகர முடியல. யாராச்சும் வந்து மடையைத் தெறங்க."

நட்ட பயிர் இப்போதுதான் பச்சை பிடிக்கிறது. அம்மா முகம் சுருங்கிவிட்டது. "கெளம்பலாம்டா."

"அதனால என்ன அண்ணி, கோட்டை எங்க ஓடிடப் போவுது?" என்றார் சித்தப்பா, கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே.

"நெல்லு மூட்டை மட்டும் வருஷா வருஷம் உங்க வீட்டுக்கு ஓடி வருதே சித்தப்பா!"

"வாய் ரொம்ப நீளுதுடா உனக்கு."

அம்மா திரும்பினாள். "அவன் வாய விடுங்க தம்பி. நிலத்துல பாதி உங்களுதுதானே?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"இன்னிக்கு மடை உங்க பாதி. போய்த் தெறந்து விடுங்க. மண்வெட்டி மாட்டுக் கொட்டாயில இருக்கு. நாங்க பஸ்ல வர்றோம்."

சித்தப்பா சாவியைச் சுழற்றுவதை நிறுத்துவதற்குள் அம்மா கோட்டைக்குள் போயிருந்தாள்.

நீங்கள் போவதானால், கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு போங்கள். மேல்தளத்தில் நிழலே கிடையாது, தொப்பியும் குடிதண்ணீரும் வேண்டும். காரைக்காலில் மாறினால் பஸ் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்கிற ஆட்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மூன்று மணிக்கு மறுபடி செல்வம் மாமா கூப்பிட்டார். "அக்கா, தண்ணி பாயுது. ஒங்க கொழுந்தனாரு ஷூவோட சேத்துல எறங்கிட்டாரு. கால உருவ முடியாம நிக்கிறாரு."

"நிக்கட்டும்" என்றாள் அம்மா, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.